மல்லசமுத்திரத்தில் ஒரு பச்சைப் புள்ளி

காலை எட்டு மணிக்குச் சேலத்தில் திருச்செங்கோட்டுப் பேருந்து ஏறினேன். மல்லசமுத்திரம் முப்பது கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆட்டையாம்பட்டியில் ஜன்னலோரம் முறுக்கு வந்தது. இருபது ரூபாய்க்கு வாங்கினேன். அண்ணனோடு போட்ட சண்டைக்குப் பிறகு அவருக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வந்ததா என்று வழியெல்லாம் போனைப் பார்த்தேன். வரவில்லை.

போன காரியம் வேறு. ரிக் லாரிகளோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகிறவர்களும் வீட்டாரும் குரல் பதிந்து அனுப்பிக்கொள்ள நாங்கள் ஒரு செயலி செய்திருக்கிறோம். இணையம் இருந்தால் பச்சைப் புள்ளி எரியும். கணவரை அப்படி அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் கலாமணி என்பவரின் போனிலிருந்து மட்டும் சில நாட்களாக ஒன்றும் வரவில்லை.

"வாங்க, ஊடு தேடச் சிரமமா இருந்துச்சுங்களா?" என்றார் கலாமணி. ரிக் முதலாளி கொடுத்த போன், வைஃபை பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் செயலி மட்டும்தான் அதில்.

"பக்கத்துல வெச்சாத்தான் நல்லா இழுக்குமுங்க. வெளிய எடுத்துட்டுப் போறதே இல்லீங்க."

பிறகு குரல் இறங்கியது. "ஊட்டுக்காரர்கிட்டக் கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிப்போட்டனுங்க. தெனமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பறேன். போயிருச்சுன்னுதான் காட்டுது. பதிலே இல்லீங்க."

புள்ளி பச்சையாகத்தான் இருந்தது. வெளியே வந்து பார்த்தால், வைக்கோல் லாரி இழுத்துக் கேபிள் அறுந்து தொங்குகிறது. போன் பெட்டியோடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டுமே எங்கள் செயலி பார்க்கும். பெட்டிக்கு அப்பால் வழி உண்டா என்று பார்க்காது. சரியான மக்கு. மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் சர்வருக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பி, பதில் வந்தால்தான் பச்சை என்று மாற்றி, அவர் போனில் ஏற்றினேன்.

புள்ளி சிவந்தது. 'இணையம் இல்லை. செய்திகள் காத்திருக்கின்றன.'

"அப்ப அவரு இன்னும் கேக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். இணையம் இல்லை என்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

மதியம் போனோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். தெருமுனையில் வைஃபை விட்டுப்போய் சிம்மின் இணையம் பிடித்தது. பச்சை. அவர் செய்திகள் போயின. கணவருடையவை வரிசையாக வந்து விழுந்தன. முதலாவதை அழுத்தினார்.

"ஏஞ்சாமி, எம்மேல இன்னும் கோவமா? ஒரு வார்த்தை பேசு."

"வாரேனுங்க" என்றேன். போனைக் காதோடு வைத்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் என் போனை எடுத்தேன். டவர் முழுசாக இருந்தது. அண்ணனுக்கு அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது, அவர் படித்தும் ஆகிவிட்டது என்று காட்டியது. பதில் மட்டும் இல்லை. அண்ணன் தெருவிலும் ஒரு கேபிள் அறுந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.