தூரம் மாறிய விண்மீன்

கல்லூரி வாசலில் கட்டியிருந்த பேனரில் என் முகம் இருந்தது. பக்கத்தில் என் தோழியின் முகம். நடுவில், எங்கள் இருவரையும் விடப் பெரிதாகத் துறைத்தலைவரின் முகம். மேலே கொட்டை எழுத்தில், 'உயிர்கள் வாழத் தகுந்த கோளை உறுதிசெய்த நம் மாணவிகள்' என்று போட்டிருந்தது. அது தப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் அதை அவிழ்க்க மாட்டேன் என்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்போது நான் தூத்துக்குடியில் முதுகலை இயற்பியல் கடைசி வருடம். புன்னைக்காயலில் இருந்து வந்து ஆத்தூரில் பஸ் மாறுவேன். காயல்பட்டினத்தில் ஏறிய தோழி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். பிராஜெக்டும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று, யாரோ எப்போதோ கண்டது. அதில் தண்ணீர் இருந்தால் தண்ணீராகவே நிற்குமா, ஆவியாகிப் போகுமா, உறைந்து கிடக்குமா என்று கணக்குப் போட வேண்டும். தண்ணீர் நிற்கக்கூடிய தூரத்தைத்தான் உயிர்வாழ் மண்டலம் என்கிறார்கள். கோள் எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது என்பது அது ஒரு சுற்றுக்கு எடுக்கும் நாட்களையும் விண்மீனின் எடையையும் வைத்து வந்துவிடும். விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்பதில்தான் சிக்கல். கடலில் தெரிகிற வெளிச்சம் பக்கத்து வள்ளத்தின் சின்ன விளக்கா, தூரத்துக் கப்பலின் பெரிய விளக்கா என்பது தூரம் தெரியாமல் சொல்ல முடியாத விஷயம். விண்மீனும் அப்படித்தான்.

முதல் கணக்கில் கோள் மண்டலத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. பூமிக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைவான வெயில்தான். துறைத்தலைவர் அன்றே பத்திரிகைக்காரருக்குப் போன் செய்தார். மறுவாரம் பேனர் வந்தது. என் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். செய்தித்தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலேயே வைத்துக்கொண்டார்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் மேற்கோள் குறிக்க வேண்டியிருந்தது. விண்மீனின் தூரத்துக்கு நாங்கள் எடுத்தது பழைய பட்டியல். புதிய அளவீடு வந்திருக்கிறதா என்று தேடினேன். வந்திருந்தது. நாங்கள் நினைத்ததைவிட விண்மீன் நன்றாகவே தள்ளி இருந்தது. தூரத்தில் இருந்துகொண்டு அதே வெளிச்சம் காட்டுகிறது என்றால் அது இன்னும் பிரகாசமான விண்மீன். திரும்பக் கணக்குப் போட்டேன். கோளுக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றரை மடங்கானது. கடல் இருந்தாலும் கொதித்து வற்றிவிடும். மண்டலத்துக்கு வெளியே போய்விட்டது எங்கள் கோள்.

எனக்குச் சந்தோஷம்தான். தப்பைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று தாளைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு ஓடினேன்.

அவர் தாளை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. "இப்பம் எதுக்கு இதக் கிண்டுதே?"

"புது அளவுதான் சார் சரி. பழசுல பிழை அதிகம்."

"பழசும் அச்சுல வந்ததுதானம்மா. அதையே போடு. பொய்யா சொல்லுதோம்?"

"தெரிஞ்சுகிட்டே போட்டா பொய்தான் சார்."

அவர் சிரித்தார். பிறகு ரொம்பக் கனிவாகச் சொன்னார். "உங்க தெருவுல எம்புட்டுப் பேருக்கு இந்த மாதிரிப் பேரு கிடைக்கும்? மீன்கார வீட்டுப் பிள்ள, கிடைச்சத வச்சிப் பொழைச்சுக்கிடணும்."

அந்தக் கனிவுதான் என்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். என் வீட்டுக்குப் பிச்சையாகப் போட்ட பெயர் அது, திருப்பிக் கொடுக்கிற உரிமை எனக்குக் கிடையாது என்கிறார். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தோழியிடம் சொன்னேன். அவள் கணக்கை வரி வரியாகப் பார்த்தாள். "சரியாத்தாம்ளா இருக்கு," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா நான் பழசுலதான் கையெழுத்துப் போடுவேன். வாப்பா துபாய்ல இருந்து வாராங்க. மார்க் போச்சுன்னா மேல படிக்கவே விட மாட்டாங்க."

"அப்பம் நான் மட்டும் கிறுக்கச்சியா?"

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் அவள் போட்டு வைத்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே போனேன்.

வீட்டில் அப்பாவுக்கும் கோபம். "ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துருக்கேன். வாய மூடிக்கிட்டு சும்மா கெட."

"கடலுக்கடியில பாறை இருக்குற எடத்த ஜிபிஎஸ்ல தப்பாக் குறிச்சிருந்தா அப்படியே விட்டுருவியளா? வலை கிழியாதா?" என்று கத்தினேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அறிக்கை பழைய எண்ணோடு போனது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. புதிய கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதித் தனியாகக் கொடுத்தேன். 'ஒழுங்கீனம்' என்று அக மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். முதல் கேள்வியே தோழியிடம்தான். "இந்தத் தூரம் எந்த அளவீட்டில் எடுத்தது?"

துறைத்தலைவர் முந்திக்கொண்டார். "ஸ்டாண்டர்டு கேட்டலாக் மேடம்."

"அவங்க சொல்லட்டும்."

தோழி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அது பழசு மேடம். புது அளவு வச்சா கோள் மண்டலத்துக்கு வெளிய போயிரும். இவதான் கண்டுபிடிச்சா. நான் பயந்துகிட்டுப் பழசப் போட்டுட்டேன்."

பேராசிரியை என் இரண்டு பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "இது சரி," என்றார். அவ்வளவுதான். துறைத்தலைவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேநீர் வந்தது, இருவரும் குடித்தார்கள். அதற்காக அந்த அம்மாள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

இருவரும் தேறினோம், சுமாரான மதிப்பெண்ணில். தோழியை மேலே படிக்க விட்டார்கள். அவள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. நான் இப்போது ஒரு பள்ளியில் பிளஸ் டூ பாடம் எடுக்கிறேன். வேலைக்கு நேர்காணலில் தாளாளர் முகம் மலர்ந்து, "அந்தக் கோளக் கண்டுபிடிச்ச பொண்ணு நீங்கதானா?" என்றார். இல்லை என்றேன். அந்தச் செய்தி தப்பு, தப்பென்று சொன்ன பெண்தான் நான் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வேலை கொடுத்தார்.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் சாதனைகள் என்ற தலைப்பின் கீழ், எங்கள் படத்தோடு, அந்தக் கோள் இன்றும் உயிர்வாழ் மண்டலத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. என் படத்தை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. போன வாரம் நானும் தோழியும் சேர்ந்து நான்காவது கடிதம் எழுதினோம். இந்த முறை அவளும் கையெழுத்துப் போட்டாள்.