ஓடையில் கிடைத்த தவளை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், தேயிலை முடிந்து பள்ளம் தொடங்குகிற ஓரிடத்தில், ஒரு சோலைக்காடு இருந்தது. காடு என்றதும் வெளியூர்க்காரர்கள் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்வார்கள். ஒரு பஸ் ஸ்டாண்டு அளவுக்கு மரக்கூட்டம், நடுவில் ஓர் ஓடை, அவ்வளவுதான். மேலே மேட்டில் ஒரு கல்லூரி. அந்த ஓடையில் ஒரு தவளை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் சில வருஷங்கள் என் வேலையாக இருந்தது.

அப்பா வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "யூனிவர்சிட்டில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தவளை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் யாரோ ஒருமுறை தோண்டித் துருவிக் கேட்டபோது, "தண்ணி சம்பந்தமான வேலைங்க" என்று சமாளித்தார். அவர்கள் நான் குடிநீர் வாரியத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். திரும்ப வரவில்லை.

அது கட்டைவிரல் நகம் அளவே உள்ள புதர்த்தவளை. நான் பிறப்பதற்கு முன்பு, மேட்டிலிருந்த அந்தக் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் அந்த ஓடையில் ஒன்றைப் பிடித்தார். ஸ்பிரிட் நிறைத்த பாட்டிலில் போட்டுக் கல்லூரி மியூசியத்தில் வைத்தார். அதற்குப் பிறகு எவர் கண்ணிலும் அது படவில்லை.

இந்தக் காலத்தில் ஒரு துறை மட்டும் கேட்டால் எந்த ஆராய்ச்சிக்கும் அனுமதி கிடைப்பதில்லை. நாலு துறை சேர்ந்து கேட்க வேண்டும். எங்கள் திட்டத்தில் பொறியியல், நெட்வொர்க், மரபணு, சுற்றுச்சூழல் என்று நாலும் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் ஒரு பட்டாளமே இருக்கும். மலை ஏறி வந்தது நானும், கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியரும்தான். பொறியியலும் அவர்தான், நெட்வொர்க்கும் அவர்தான். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். மரபணுப் பகுதிக்கும் மொத்தத் திட்டத்துக்கும் தலைவி சமவெளியில் இருந்த பேராசிரியை. எங்களுக்கு மேடம்.

வேலை இரண்டு விதமாக நடந்தது. இன்ஜினியர் செய்த சின்னச் சின்ன ஒலிப்பெட்டிகளை மரங்களில் கட்டினோம். ஒவ்வொரு பெட்டியும் தான் கேட்டதைப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளும், அது அடுத்ததற்கு. கடைசிப் பெட்டி மேட்டில், டவர் கிடைக்கிற இடத்தில். அங்கிருந்து கோயம்புத்தூர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். இது காதுக்கான வழி. இன்னொன்று தண்ணீர். ஓடையில் வாழ்கிற எதுவும் தன் தோலையோ கழிவையோ கொஞ்சம் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிதாளை மேடத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதிலிருக்கிற மரபணுவை வைத்து யார் யார் இங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க, மியூசியத் தவளையிலிருந்து ஊசிமுனை அளவு தசையை முதல் வருஷமே எடுத்து அனுப்பியிருந்தேன்.

இரண்டாம் வருஷம் அந்த நிலத்தின் சொந்தக்காரர் அங்கே காட்டேஜ் கட்ட விண்ணப்பம் போட்டார். ஓடையை சிமென்ட் குழாய்க்குள் விட்டு, மேலே மண்ணைப் போட்டு மட்டப்படுத்துவது திட்டம். மாவட்டத்தில் இதையெல்லாம் பார்க்கிற குழு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. அந்தத் தவளை அங்கே இருக்கிறதா? இருந்தால் ஓடை பிழைக்கும். இல்லையென்றால் குழாய். நடுவில் ஒன்றும் கிடையாது.

ஒரு மழைக்காலம் முழுக்கப் பெட்டிகள் கேட்டன. சரக்கு லாரி ஏற்றத்தில் முனகுவதைக் கேட்டன. எஸ்டேட்டில் யாரோ பாட்டரி ரேடியோ வைத்துக்கொண்டு கொழுந்து பறிப்பதைக் கேட்டன. குரங்குகள் இரண்டு பெட்டிகளின் ஏரியலைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டன. அந்தக் கடிக்கிற சத்தமும் பதிவாகியிருந்தது. வழக்கமான தவளைகள் எல்லாம் கத்தின. புதிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்ஜினியர் போன் செய்து, "இன்னைக்கும் நம்ம ஆளு வரலைங்க்கா" என்பார். குழு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் பதில் எழுதாமல் இழுத்தடித்தேன்.

அந்த நிலைமையில்தான் தண்ணீர் முடிவு வந்தது. மேடமே போன் செய்தார். "கெடச்சிருச்சு" என்றார். அவர் சாதாரணமாகக் குரல் உயர்த்துகிறவர் இல்லை. "டவுட்டே இல்லை. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாச்சு. உன் தவளைதான்." நான் அப்போது சிம்ஸ் பார்க் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன். இன்ஜினியர் அன்றே மலையேறி வந்தார். பேக்கரியில் டீயும் வர்க்கியும் வாங்கி வைத்துக்கொண்டு, உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தோம். "என் பொட்டிக்குக் காது கேக்கலைங்க்கா, அவ்வளவுதான்" என்று தன்னையே கேலி செய்துகொண்டார். நான் குழுவுக்கு எழுதினேன். பள்ளத்துக்கு வந்து நின்ற ஜேசிபி திரும்பிப் போனது. அப்பா முதன்முறையாகப் பக்கத்து வீட்டில், "தவளையக் கண்டுபுடிச்சுட்டா" என்று சொன்னாராம்.

அந்தக் குளிர்காலம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. காலையில் உறைபனி படிந்த புல்லைப் பார்த்தால்கூட, எல்லாம் ஒருவழியாக சரியாகிவிடும் என்று தோன்றும்.

கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். படித்துப் பார்த்தவர்கள், மியூசியத் தவளையிலிருந்து இன்னும் கொஞ்சம் தசை எடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். நியாயமான கோரிக்கைதான். கல்லூரிக்குப் போனேன்.

மியூசியம் இருந்த அறையில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. சுவரில் புதுப் பெயின்ட், ஜன்னலுக்கு நீலத் திரை, வாசலில் டேட்டா சயின்ஸ் லேப் என்று பலகை. வழி தவறிவிட்டேனோ என்று வராந்தாவில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு விலங்கியல் துறைத்தலைவரிடம் போனேன். நல்ல மனுஷர். எனக்கு எப்போதும் உதவியவர்.

"மியூசியத்தை எங்க சார் மாத்தியிருக்கீங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. இன்ஸ்பெக்‌ஷன் டீம் வருதுன்னு ஒரே ரகளை. கம்ப்யூட்டர் லேப்புக்கு ரூம் காட்டணும்னு பிரின்சிபால் ஒத்தக்கால்ல நிக்கறாரு. அந்த ஸ்பிரிட் நாத்தத்துல பசங்களுக்கு வேற தலைவலிங்க. நாங்க ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து, ஒரே நாள்ல சிங்க்குல ஊத்திக் கழுவி, பாட்டிலைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டோமுங்க."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"பெருசை எல்லாம் குழி வெட்டிப் பொதைச்சுட்டோம். சின்னது தண்ணியோட போயிருச்சுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பயந்தார். "ஏனுங்க, எல்லாம் செத்ததுதானுங்களே?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நம் ஊரில் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது என்றால் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான். எது கண்ணுக்குப் பழசாகத் தெரிகிறதோ அது போக வேண்டும். அவர்களும் முழுக்கையை மடித்துவிட்டு, வேர்க்க வேர்க்க, கல்லூரி நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் கழுவியிருக்கிறார்கள். என்றைக்கு என்று மட்டும் கேட்டேன். நாங்கள் ஓடையில் தண்ணீர் எடுத்ததற்கு முந்தின வாரம்.

அறிவியல் கட்டிடத்தின் பின்னால் போனேன். சிங்க்கிலிருந்து வருகிற குழாய் கேன்டீனைச் சுற்றி, வேலிக்கு அடியில் நுழைந்து, லான்டானா புதருக்குள் இறங்குகிறது. நானும் வேலியைத் தாண்டி, முள்ளில் சுடிதாரைக் கிழித்துக்கொண்டு இறங்கினேன். வழி நெடுகக் கேன்டீன் டீத்தூள் கிடந்தது. போகப் போக நீர்ச்சத்தம் கேட்டது. எங்கள் முதல் ஒலிப்பெட்டி கட்டியிருந்த மரத்துக்குச் சற்று மேலே அந்தச் சாக்கடை ஓடையில் கலந்தது. நாங்கள் கண்டுபிடித்த தவளை அந்த வழியாகத்தான் வந்திருந்தது. பிடித்துக்கொண்டு போன இடத்துக்கே, பாட்டிலில் அத்தனை காலம் இருந்துவிட்டு, பினாயில் தண்ணீரோடு திரும்பியிருந்தது. நான் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அழுகைகூட வரவில்லை, அவமானமாக இருந்தது, யார் மீது என்று தெரியாத கோபமும்.

இன்ஜினியரிடம்தான் முதலில் போனில் சொன்னேன்.

"அக்கா, யாருக்குத் தெரியும் இது?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்பறம் என்னங்க்கா? பொய் சொல்லச் சொல்லலீங்க. சும்மா இருந்தாப் போதும். தண்ணியில இருந்துச்சு, இருந்துச்சுன்னு எழுதுனோம். ஓடை பொழைச்சுக்கிட்டும். யாருக்குங்க்கா நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லை. அதை இன்றுவரை மறுக்க முடியவில்லை. நான் அரிச்சந்திரன் வீட்டில் பிறந்தவளும் இல்லை. ஆனால் செத்துப்போன ஒன்றை நான் காட்ட, அது உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. எனக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இருந்தாலும் உடனே சொல்லிவிடவில்லை. மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு முறை தண்ணீர் எடுக்கலாம் என்று கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இடையில் நல்ல மழை பெய்து ஓடையைக் கழுவியிருந்தது. சாக்கடை கலக்கிற இடத்துக்கு மேலே எடுத்தோம், கீழே எடுத்தோம், பாறை இடுக்கிலெல்லாம் எடுத்தோம். முடிவு வருகிற வரைக்கும் நான் வேண்டாத சாமி இல்லை. உயிரோடு ஒன்று, ஒரே ஒன்று, எங்காவது இலைக்கடியில் இருந்துவிட்டால் போதும். ஒன்றும் இல்லை என்று வந்தது.

குழுவுக்கு நான்தான் எழுதினேன். இரண்டு வாரத்தில் ஜேசிபி வந்தது. மரங்களில் இருந்த பெட்டிகளை அவிழ்க்க இன்ஜினியர் வந்திருந்தார். என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. குழாய்களை இறக்கி அடுக்கியிருந்தார்கள். ஓர் ஆள் குனிந்து உள்ளே போகிற அளவு அகலம். மதியத்துக்குள் ஓடையின் மேல்பாதி உள்ளே போய்விட்டது. தண்ணீர் ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை.

கட்டுரையை மேடம் வேறு விதமாக எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு நகமளவுத் தவளையை, அதுவும் செத்ததை, சாக்கடை வழியாக வந்து ஒரு வாரம் கழிந்த பிறகும் ஓடும் தண்ணீரில் எங்கள் முறை கண்டுபிடித்துவிட்டது. இவ்வளவு நுட்பமான முறை வேறில்லை. கட்டுரை உடனே ஏற்கப்பட்டது. கோயம்புத்தூரில் நடந்த கருத்தரங்கில் அதை வாசிக்க என்னையே அனுப்பினார். ஏசி அரங்கு, நல்ல கூட்டம். ஓடையின் படத்தை, அது இருந்தபோது எடுத்ததை, திரையில் போட்டேன். பேசி முடித்ததும் பலமாகக் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நாலு துறை ஒன்றுசேர்ந்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இது உதாரணம் என்று தலைமை தாங்கியவர் சொன்னார்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். முதல் வருஷமாக இருக்க வேண்டும். மைக்கைப் பிடிக்கவே கூச்சப்பட்டாள்.

"மேடம், அந்தத் தவளை எப்படிங்க கத்தும்?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அதன் குரலை ஒலிப்பதிவு செய்தவர் யாருமில்லை. கேட்ட ஒரே ஆசிரியர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரியாதும்மா" என்றேன். அவள் தேங்க் யூ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.