நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?

கணவனையும் பழைய முதலாளியையும் விட்டால், கெர்ட்டு லம்பேலா சொந்தமாகத் தொழில் தொடங்கிய செய்தியை முதலில் தெரிந்துகொண்டவர் அவளுடைய பல் மருத்துவர். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவர் வழக்கம்போல வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார். பதில் தெளிவாகக் கேட்காது என்ற தைரியத்தில்தான் அவளும் சொன்னாள். ஏப்ரலில் வேலையை விட்டவள், மே மாதம் பாதி கழியும்வரை வேறு யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பின்லாந்தின் ஏரிக்கரை நகரமான எங்கள் குவோப்பியோவில் பிறந்தவர்கள் யாரும் இதற்காக அவளைக் கேலி செய்ய மாட்டார்கள். தன் வேலையைப் பற்றித் தானே நல்லதாக நாலு வார்த்தை சொல்வது இங்கே நாகரிகமில்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்வது அதைவிட மோசம். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரின் காலடிச் சத்தம் கேட்டால், அவர் இறங்கிப் போகும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நாங்கள் வெளியே வருவோம். நேரான கேள்வி கேட்பதும் எங்கள் பழக்கத்தில் இல்லை, நேரான பதில் சொல்வதும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில், நாற்பத்தாறு வயதில், ஒருத்தி தன் கைவண்ணத்தை நம்பித் தனியாகக் கிளம்பினாள் என்றால் அவள் துணிச்சல்காரிதான். அந்தத் துணிச்சல் வெளியே வரக் கொஞ்சம் நாளாயிற்று, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவள் பென்ட்டி ரிஸ்ஸானனின் அச்சகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரும்பாலும் பால்பண்ணை வேலை. பால் அட்டைப்பெட்டிக்கு வரைந்த பசுவையே தயிருக்கு இடப்பக்கம் திருப்புவாள், வெண்ணெய்க்கு உட்கார வைப்பாள், கிறிஸ்துமஸ் வந்தால் அதன் தலையில் சிவப்புத் தொப்பி மாட்டுவாள். வருடங்கள் போயின, பசுவுக்கு வயதாகவில்லை, கெர்ட்டுவுக்குத்தான் ஆயிற்று. ஒருநாள் அவளுக்கு அந்தப் பசுவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏரியைச் சுற்றி இத்தனை கோடைக்குடில்கள் இருக்கின்றனவே, அவரவர் குடிலை அவரவருக்கு ஓவியமாக வரைந்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பனிக்காலம் முழுக்க நகரத்து வீட்டுச் சுவரில் அது மாட்டியிருக்கும், பார்த்துப் பார்த்துக் கோடைக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

பென்ட்டி அவளைத் தடுக்கவில்லை. சன்னலோரம் கிடந்த அவளுடைய மர நாற்காலியைத் தட்டிக் காட்டி, "ஆகஸ்ட் கடைசிவரைக்கும் இதுல யாரையும் உக்கார விடமாட்டேன். அதுக்கப்புறம் பாக்கலாம்," என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலி கெர்ட்டுவின் மனதை விட்டு இறங்கவில்லை. கோடைக்குள் தொழில் காலூன்றாவிட்டால் மறுபடி அங்கே போய் உட்கார வேண்டும், மறுபடி அந்தப் பசு.

மே மாதக் கடைசியில் ஏரிக்கரைக் கிராமத்துக் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டுக் குத்தினாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதையும் பலகையின் அடிமூலையில், காணாமல்போன பூனைக்குக் கீழே குத்தியிருந்தாள்.

அவள் கணவன் இல்போ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதைப் படிக்கணும்னா ஒருத்தன் முதல்ல வழுக்கி விழணும்," என்றான்.

"பெருசா எழுதினா பீத்திக்கிற மாதிரி இருக்கும்."

"இப்போ ஒளிஞ்சுக்கிற மாதிரி இருக்கு."

அவன் அதோடு விடவில்லை. பேருந்தில் ஏறிய பிள்ளைகளிடமெல்லாம், உங்க வீட்டுக் குடிலைப் படமா வரையணுமா, என் பெண்டாட்டி வரைவா என்று சொல்லி அனுப்பினான். கெர்ட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. பேசியவள் ஐரி ஹுட்டுனன். பேத்தி சொன்னதாகச் சொன்னாள். அவளும் கணவன் அர்வோவும் ஒரு சின்னத் தீவில் கோடை முழுக்க இருப்பவர்கள். கெர்ட்டு இல்போவை மன்னித்துவிட்டாள்.

தப்பு நடந்தது இங்கேதான். வேறு ஊர்க்காரியாக இருந்தால் படகைத் துறையில் கட்டிவிட்டு, கதவைத் தட்டி, உள்ளே வெளியே எல்லாம் சுற்றிப் பார்த்திருப்பாள். கெர்ட்டு அப்படிச் செய்யவில்லை. பாவம், விடுமுறையில் இருக்கிறவர்கள், அவர்கள் முற்றத்தில் போய் நிற்பதாவது என்று நினைத்து, படகை நாணல் பக்கம் நிறுத்திக்கொண்டாள். தண்ணீரில் ஆடிக்கொண்டே, கொசுவை அடித்துக்கொண்டே, நாள்கணக்கில் வரைந்தாள். கரையில் கால் வைக்கவே இல்லை. கரையிலிருந்து ஐரியும் அர்வோவும் அவளைப் பார்த்தார்கள். அவர்களும் கூப்பிடவில்லை. வேலை செய்கிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாதல்லவா. அர்வோ விறகு பிளப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

படம் நன்றாகவே வந்தது. கூரையின் பாசி, புகைபோக்கி, பின்னால் பைன் மரங்கள், எதிலும் பிசகில்லை. ஐரி துறையில் நின்றபடியே அதைப் படகிலிருந்து கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, நம்ம குடில்தான்," என்றாள். அர்வோ, "கூரை சரியா இருக்கு," என்றார். பேசிய காசைக் கொடுத்து, ஏலக்காய் ரொட்டியும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் 'மோசமில்லை' என்றால் பெரிய பாராட்டு. 'நம்ம குடில்தான்' என்பது பாராட்டில்லை, அடையாளம் காட்டுவது. கெர்ட்டுவுக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டு ஜூலை முழுக்கப் படகும் நாணலுமாக அலைந்தாள். இன்னும் சில குடும்பங்களுக்கு வரைந்து கொடுத்தாள். எல்லாரும் நன்றி சொன்னார்கள், யாரும் அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. ஒரு படம் இன்னொரு வேலையைக் கொண்டுவரவில்லை. ஆகஸ்ட் பிறந்தபோது கையில் ஒரு வேலையும் இல்லை.

அந்த வாரம் பென்ட்டி கூப்பிட்டார். வானிலையைப் பற்றிப் பேசினார், இந்த வருட உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார். தொலைபேசியை வைக்கும்போது, "அந்த நாற்காலிக்கு எண்ணெய் போட்டிருக்கேன். இப்பல்லாம் கிரீச்சுன்னு சத்தம் வர்றதில்ல. சும்மா சொன்னேன்," என்றார்.

அன்று மாலை கெர்ட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து இல்போவிடம், "நாளைக்கு ஐரி வீட்டுக்குப் போறேன். படத்துல என்ன குறைன்னு கேக்கப் போறேன்," என்றாள்.

இல்போ சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "நேராவா? முகத்தைப் பார்த்தா?"

"முகத்தைப் பாக்கணும்னு என்ன இருக்கு. தண்ணியப் பாத்துக்கிட்டே கேக்கலாம்."

எனக்கு அவளிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். வேலையை விடுவதற்குக் கோபம் போதும். கொடுத்த வேலையில் என்ன குறை என்று வாங்கியவரிடமே போய்க் கேட்பதற்குக் கோபம் உதவாது, வேறென்னவோ வேண்டும். எங்கள் ஊரில் அது முக்கால்வாசிப் பேரிடம் இல்லை, என்னிடமும் இல்லை.

மறுநாள் முதல்முறையாகப் படகை அவர்கள் துறையில் கட்டினாள். ஐரி காபி போட்டாள். காபி குடிக்காமல் எதையும் தொடங்க முடியாது. மீன் சரியாகக் கடிக்கவில்லை என்று பேசினார்கள், மழை வரலாம் என்று பேசினார்கள், வராமலும் போகலாம் என்று அர்வோ சொன்னார். இரண்டாவது கோப்பையும் காலியாயிற்று. கேட்க வந்ததை அவள் இன்னும் கேட்கவில்லை. கடைசியில் கெர்ட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐரி மரங்களுக்கு நடுவே இருந்த சின்ன மரக் கொட்டகையைத் தயங்கித் தயங்கிக் காட்டினாள்.

கதவைத் திறந்தாள். உள்ளே, கழிவின்மேல் தூவுவதற்கான மரத்தூள் வாளிக்கு மேலே, சுவரில் அவளுடைய படம் தொங்கிக்கொண்டிருந்தது.

நாணலுக்குள் கொசுக்கடியில் ஆடிக்கொண்டு வரைந்த படம். கெர்ட்டுவுக்கு முகம் சுட்டது. மூடியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சரி, போதும், அந்தப் பசுவிடமே போய்விடலாம் என்று முடிவு செய்தாள். உண்மையிலேயே முடிவு செய்துவிட்டதாகப் பிறகு இல்போவிடம் சொன்னாள்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தீவில் வேறு யார் இருக்கிறார்கள், உட்காருகிறவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். கதவு தானாகவே மெல்லத் திறந்துகொண்டது. கெர்ட்டு நிமிர்ந்தாள்.

இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே, விறகு மூட்டும் நீராவிக் குளியலறையான சவுனாவின் ஒரு மூலை தெரிந்தது. அதன் படியில் ஓர் ஓட்டை வாளி கவிழ்ந்து கிடந்தது. கொடியில் துண்டுகள். இடப்பக்கம் சாய்ந்துபோன படகுத்துறை. அதற்கப்பால் ஏரி, தூரத்தில் நீலமாக இன்னொரு கரை. காலடியில் பார்த்தாள். பல வருடங்களாக ஒரே இடத்தில் கால் ஊன்றி ஊன்றித் தரைப்பலகை குழிந்திருந்தது.

வெளியே வந்தாள். இருவரும் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்துக் கேட்க நினைத்தவள், நேராக அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "என் படத்துல என்ன குறை?"

ஐரி காலிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"குறைன்னு ஒண்ணும் இல்லம்மா," என்றார் அர்வோ. "ஆனா அது யாரோ வெளியாள் நம்ம குடிலைப் பாக்கற மாதிரி இருக்கு. நாங்க ஒருநாளும் அங்கேருந்து பாத்ததில்ல. அது வாத்துங்க பாக்கற பக்கம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ தண்ணியில கெடந்து அவ்வளவு பாடுபட்டே," என்றாள் ஐரி. "எப்படிச் சொல்றது? இவர் விறகுகூடப் பிளக்கல. பச்சத்தண்ணியிலதான் குளிச்சோம்."

கெர்ட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் கரைக்கே வரல," என்றாள். பிறகு கேட்டாள்: "சரி, நீங்க எங்க உக்காருவீங்க? தினம், சும்மா, ஒண்ணும் பண்ணாம?"

அர்வோவின் காது சிவந்தது. அவர் கை மெல்ல எழுந்து அந்தக் கொட்டகைப் பக்கம் காட்டியது.

"மானம் போச்சு," என்றாள் ஐரி.

மறுநாள் கெர்ட்டு பலகையும் வண்ணங்களுமாக வந்து, கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்து, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பொழுது சாயும்வரை எழவில்லை. அர்வோவும் ஐரியும் தேவைப்பட்டபோதெல்லாம் காட்டுப் பக்கம் போய் வந்தார்கள். இந்த முறை அர்வோ விறகு பிளந்தார். கெர்ட்டுதான் பிளக்கச் சொன்னாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் தனக்கு வரைய வரும் என்று ஒரு போடு போட்டாள்.

முடித்த படத்தை ஐரி வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அந்த ஓட்டை வாளி," என்றாள். "வருஷா வருஷம் தூக்கிப் போடணும்னு சொல்லுவேன். நல்லவேளை, போடல." அர்வோ துறையின் நுனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று இரண்டு பெண்களும் அவரை விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து, "மோசமில்ல," என்றார்.

அவர்கள் குடிலைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பும் இலையுதிர்காலம் வரை அந்தப் படம் காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஐரி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசைக்கு மேலே மாட்டினாள். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கெர்ட்டுவைக் கூப்பிட்டார்கள். அவள் இப்போது நேராகத் துறையில் படகைக் கட்டினாள், காபி குடித்தாள், முதல் கோப்பையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒருவர் உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டினார். ஒருத்தி பாத்திரம் கழுவும் இடத்துச் சன்னலைக் காட்டினாள். இன்னொருத்தி, கணவன் சாவியைத் தேடி முடிக்கும்வரை தான் காத்திருக்கும் காரின் முன்னிருக்கையைக் காட்டினாள். கெர்ட்டு அங்கங்கே போய் உட்கார்ந்து வரைந்தாள். ஜூலையில் வரைந்து கொடுத்த குடும்பங்களுக்கும் தானே வலியப் போய், மறுபடி வரைந்து கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். அது அவளுடைய கௌரவம்.

கடைப் பலகையில் புதுச் சீட்டும் குத்தினாள். பூனைக்கு மேலே.

ஆகஸ்ட் கடைசியில், எண்ணெய் போட்ட நாற்காலிக்காரர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் அவளே பென்ட்டியைக் கூப்பிட்டாள். வானிலையை விட்டாள், உருளைக்கிழங்கை விட்டாள்.

"நான் வரமாட்டேன், பென்ட்டி."

எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டிருக்க மாட்டார் அந்த மனிதர்.

"நேராவே சொல்லிட்டே," என்றார். பிறகு, "எங்க குடில் பக்கம் நீ எப்பவாவது வர்ற மாதிரி இருந்தா... வராமலும் போகலாம், பரவாயில்ல..."

"வர்றேன். நீங்க எங்க உக்காருவீங்க?"

"தண்ணியோரமா, பாறை மேல. ஒரு நாற்காலி போட்டிருக்கேன்."

"என்ன நாற்காலி?"

பென்ட்டி தொண்டையைச் செருமினார். "உன்னோடதுதான். ஐரி வீட்டுச் சமையலறையில அந்தப் படத்தைப் பாத்தேன். பாத்த அன்னைக்கே வண்டியில ஏத்திக் குடிலுக்குக் கொண்டுபோயிட்டேன்."