பொய்ச்சாட்சிக்காரருக்காக ஒரு வேண்டுதல்

என் மகளைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. ரோடு பிரியும் நாரணாபுரம் விலக்கு வரைக்கும் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினேன்.

அது 2006-ம் வருடம், புரட்டாசி மாதம். தீபாவளி சீசனும் உள்ளாட்சித் தேர்தலும் சேர்ந்து வந்த நேரம். என் பெயர் பாண்டியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கணவர் இறந்த பிறகு எனக்கென்று இருந்தவள் மகள் முத்துச்செல்வி மட்டும்தான். கல்லூரி முடித்துவிட்டு, வெடிவிபத்தில் ஆளை இழந்த குடும்பங்களுக்காக அவள் அலைந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆடியில் ஒரு கம்பெனியில் வெடித்து, எங்கள் தெருப் பெண்கள் சிலர் கருகிப்போனார்கள். “ஷெட்டுக்குள் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைத்ததுதான் காரணம்” என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் செல்வி எல்லோர் முன்னாலும் சொன்னாள். அந்தக் கம்பெனிக்காரர் தேர்தலில் நின்றார். அவள் வாயை அடைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் பட்டாசு மருந்து பதுக்கியதாக வழக்கு. எங்கள் வீட்டில் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. போலீஸ் எங்கள் வீட்டிலிருந்து மருந்தை எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருந்தவர் தெருமுனை டீக்கடை முனியாண்டி. செல்வி ‘மாமா’ என்று கூப்பிட்டு வளர்ந்தவர்.

வக்கீல் வைத்துக் கேட்டும் ஜாமீன் கிடைக்கவில்லை. எனக்கு வேலை கொடுக்கவும் பயந்தார்கள். நேராக எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மண்ணை வாரித் தூற்றி, “ஆத்தா, முனியாண்டி குடும்பம் விளங்கக் கூடாது” என்று கதறினேன்.

மதுரைச் சிறையில் செல்வியைப் பார்த்தபோது அதைச் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் வாடிப்போனது.

“ஏம்மா அப்படிச் செஞ்ச? கடையைப் பூட்டிருவோம்னு மாமாவை மிரட்டியிருப்பாக. அவரு பயம் போகணும்னு வேண்டும்மா. எனக்காக வேண்டுறதுன்னா அதை வேண்டு.”

எனக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் போய் நின்றேன். வாய் வரவில்லை. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகுதான், “ஆத்தா, அவருக்குத் தைரியம் குடு” என்று அழுதேன். அதற்குப் பிறகு தினமும் அதையே கேட்டேன். இது எனக்கும் செல்விக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலில் கண்ணைத் திறந்தால் பக்கத்தில் முனியாண்டி, தன் மனைவியோடு நிற்கிறார்.

“பாண்டியக்கா, நான் எதையும் பாக்கலக்கா. ஸ்டேசன்ல உக்கார வச்சு மெரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாக. ஒங்க வக்கீலு எங்கன இருக்காருன்னு சொல்லுங்க, வாரேன்.”

தினமும் நான் கேட்ட தைரியம் கண்முன்னால் நின்றது. “கடையை என்ன செய்வாகளோ?” என்றேன்.

“பூட்டுனா பூட்டட்டும்க்கா. அந்தப் பிள்ள அங்கன கெடக்கையில எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

அன்றைக்கே மூவரும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். அவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்ததை வக்கீல் கோர்ட்டில் தாக்கல் செய்தார். தீபாவளிக்கு முன்பே செல்வி ஜாமீனில் வெளியே வந்தாள். பின்னால் வழக்கும் நிற்கவில்லை. முனியாண்டி கடையைக் கொஞ்ச நாள் பூட்டத்தான் செய்தார்கள். செல்வியும் எங்கள் தெருப் பெண்களும் போய்ப் பேசித் திறக்க வைத்தார்கள்.

முன்பெல்லாம் ஆபீஸ் வாசலைக் கண்டாலே ஒதுங்கிப் போய்விடுவேன். இப்போது செல்வியோடு நானும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன். வருஷம் தவறாமல் எங்கள் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். என் தாய் மாரியம்மன் செய்த உதவிக்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.

பிள்ளையைச் சிறையில் விட்டுவிட்டு நிற்கும் தாய் யாராவது இதைப் படித்தால், மனசை விட்டுவிடாதீர்கள். அம்மனிடம் வாருங்கள். எதிரில் நிற்பவர்களுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்கிறேன்.