பல்செட்காரரின் கதாநாயகன்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து, இருபத்தெட்டு வருடமாக ஊராருக்குப் பல்செட் செய்துகொண்டிருந்தார் அவர். எல்லோருக்கும் அவர் பல்செட்காரர்தான். அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கதை எழுதுவது. அதைத் தொழில் என்று அவர் மட்டும்தான் சொன்னார். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கதைக்கு ஆள் உண்டாக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. நடையை வீட்டுக்காரரிடம் எடுப்பார். இருமலை மருந்துக்கடைக்காரரிடம் எடுப்பார். கஞ்சத்தனத்தைச் சொந்தத்தில் யாரிடமாவது எடுத்துக்கொள்வார். மூன்று பேரைக் கலந்துவிட்டால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் படிக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படித்தான் மன்னிக்கவே தெரியாத ஒரு கிழவரைப் பற்றிக் கதை எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். பதினோரு நாளில் திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் குறிப்பு: ‘உங்கள் கிழவர் இஸ்திரி போட்டு மாட்டிய சட்டை மாதிரி இருக்கிறார். உள்ளே ஒரு ஆள் இருந்தால் நல்லது. உயிரோடு இருக்கும் யாரையாவது போய்ப் பாருங்கள்.’

“பிடிவாதத்துக்கு ஊரெல்லாம் தேடணுமா?” என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “உங்க அண்ணன் ரெண்டு பஸ் தள்ளித்தானே இருக்காரு?”

அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. தம் மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது அண்ணன் கை கழுவப் போயிருந்தார். “எல்லாரும் வந்தாச்சா?” என்று படம் எடுப்பவர் கேட்க, “வந்தாச்சு, எடுங்க” என்று சொன்னவர் பல்செட்காரர். பதினெட்டுத் தலை இருந்தன. ஒன்று குறைந்தது அவர் கண்ணில் படவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணனுக்கோ, அந்தப் பதினெட்டுப் பேரைத் தவிர உலகத்தில் வேறு குடும்பம் கிடையாது. படம் பிரிண்ட் போட்டு வந்த அன்று அண்ணன் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு. குறை ஒண்ணும் தெரியல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

பல்செட்காரர் முதல் மாதம் வெட்கத்தால் போகவில்லை. இரண்டாம் மாதம், முதல் மாதம் போகாததால் போகவில்லை. அதற்குப் பிறகு வருடங்கள் காரணம் கேட்காமல் போய்விட்டன. இப்போது பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று, சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினார்.

அண்ணன் கதவைத் திறந்தார். எடைக்கல், தராசு எல்லாம் சோதிக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் அரைக் கிலோ குறைகிறதோ என்று பார்ப்பது போலத்தான் பார்ப்பார். அதே பார்வை. ஆனால் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. “வா” என்றார். காற்றுதான் வந்தது.

வாயில் ஒரு பல் கூட இல்லை. மேஜையில் ஒரு கிண்ணத்துப் பாலில் ரொட்டி ஊறிக்கொண்டிருந்தது.

பல்செட்காரர் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டில் எழுதினார்: ‘பல் இல்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். அருமை.’ எழுதி முடித்து, பேனாவை மூடி, குழாயைத் திறந்த பிறகுதான் தாம் என்ன வேலை செய்கிறவர் என்பது ஞாபகம் வந்தது. கண்ணாடியில் தம் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

வெளியே வந்து, “பல்செட் வச்சுக்கலாம்ல?” என்று கேட்டார்.

“யார்கிட்டப் போறது? தம்பி பல்செட் கட்டுறான், அண்ணன் அடுத்தவன்கிட்ட வாயைத் திறந்தான்னு பேரு வரணுமா?”

“என்கிட்டயே வந்திருக்கலாமே.”

“நீ கூப்பிடல.”

திரும்பும் பஸ்ஸில் பல்செட்காரர் அதையும் எழுதிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு போனார். அண்ணன் வாரத்துக்கு ஒன்று சொல்வார், அவ்வளவுதான். கறிகாய்க் கடைக்காரனின் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் கண்டுபிடித்தது ஒரு வாரம். பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்ததென்று தமக்கு வந்த பாராட்டுக் கடிதத்தையே திருப்பி அனுப்பியது ஒரு வாரம். வணக்கம் சொல்லாத வாட்ச்மேனுக்குப் பாடம் புகட்ட நாற்பது நாள் சுவர் ஏறிக் குதித்தே அலுவலகம் போனது இன்னொரு வாரம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார். “போதும். மிச்சம் அடுத்த வாரம்.”

“கல்லில் நார் உரிக்கிற மாதிரி இருக்கு” என்று பல்செட்காரர் வீட்டில் சலித்துக்கொண்டார். ஆனால் கிழவருக்கு உயிர் வந்துவிட்டது. நடை, இருமல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முழு அண்ணனையும் இறக்கி எழுதி அனுப்பினார். ஆசிரியரிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘சட்டைக்குள் ஆள் வந்துவிட்டார். அடுத்த மாதம் வெளியிடுகிறோம்.’

ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். மறுநாள்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பத்திரிகையை அண்ணன் வாரம் தவறாமல் நூலகத்தில் படிப்பவர். பல் இல்லாத, கல்யாணம் ஆகாத, தராசு சோதித்த கிழவர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? தம்பி இத்தனை ஞாயிறு வந்தது தன்னைப் பார்க்க இல்லை, நோட்டை நிரப்பத்தான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

“அச்சுல வர்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க” என்றார் மனைவி. “ஒரு போட்டோவுக்கே ஆறு வருஷம். இதுக்கு இந்த ஜென்மம் பத்தாது.”

இரண்டு ஞாயிறு சொல்லத்தான் போனார். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். இரண்டாவது தடவை கிளம்பும்போது வாசலில் நின்று, “அண்ணா, அடுத்த ஞாயிறு கிளினிக்குக்கு வாங்க. நானே கூப்பிடுறேன். வாய் அளவு எடுக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்தார். ஞாயிறு என்பதால் கிளினிக்கில் வேறு யாரும் இல்லை; டாக்டர் சாவியைக் கொடுத்திருந்தார். பல்செட்காரர் அளவெடுக்கும் பசையைக் குழைத்து, தட்டில் நிரப்பி, அண்ணனின் மேல்வாயில் வைத்து அழுத்திப் பிடித்தார். பசை இறுக மூன்று நிமிடம் ஆகும். அதுவரை வாயில் தட்டு வைத்திருப்பவர் பேச முடியாது. இருபத்தெட்டு வருடத்தில் இந்த வசதி அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

“அண்ணா, நான் உங்களைப் பாக்க வரல” என்றார். “கதைக்காக வந்தேன். நீங்க சொன்னது எல்லாத்தையும் எழுதிட்டேன். உங்க வாயையும் எழுதிட்டேன். அடுத்த மாசம் வருது. போட்டோ எடுத்தப்பவும் நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க இல்லைன்னு நான் பாக்கவே இல்ல. அதான் பெரிய தப்பு. மறந்தாக்கூடப் பரவாயில்ல, பாக்கவே இல்ல.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பொறு என்பது போல ஒரு விரலை மட்டும் தூக்கினார். பல்செட்காரர் தட்டை ஆடாமல் பிடித்திருந்தார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. தட்டை எடுத்தார். அண்ணன் வாய் கொப்பளித்தார், துப்பினார், துண்டால் நிதானமாகத் துடைத்தார்.

“தெரியும்” என்றார்.

“எப்படி?” என்றார் பல்செட்காரர்.

“முதல் நாளே பாத்ரூமுக்கு நோட்டோட போன. நோட்டோட எவன்டா பாத்ரூம் போவான்?”

“தெரிஞ்சுமா இவ்வளவும் சொன்னீங்க?”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டியிருந்தா, அடுத்த ஞாயிறு நீ வந்திருப்பியா?” அண்ணன் துண்டை நான்காக மடித்தார். “என்கிட்ட அவ்வளவு கதை ஏதுடா? நாலாவது வாரமே தீர்ந்துபோச்சு. மிச்சமெல்லாம் வாரம் பூரா உட்கார்ந்து யோசிச்சுச் சொன்னது. நாப்பது நாள் சுவர் ஏறிக் குதிச்சேன்னு சொன்னா அப்படியே நம்பி எழுதுற.”

பல்செட்காரருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. “கதையை நிறுத்தச் சொல்லிடட்டுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு? பாதி என்னோடதுதானே” என்றார் அண்ணன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மேல்வாய் ஆச்சு. கீழ்வாய்?” என்று நாற்காலியில் சாய்ந்தார்.

கீழ்வாய்க்கும் மூன்றே நிமிடம் போதும். பசை டப்பாவில் இன்னும் நிறைய இருந்தது. பல்செட்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை இறுக்கி மூடினார்.

“அது அடுத்த ஞாயிறுண்ணா” என்றார்.