வீட்டுக்குள் ஓடிய பஸ்

தியேட்டர் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்கு வருவாள். படம் தொடங்கிவிட்டால் கவுன்டரில் ஈ ஓட்டுகிற வேலைதான். அந்த நேரத்தில் அலமாரி அலமாரியாகப் படித்துத் தள்ளியிருக்கிறாள். "இப்படிப் படிச்சா என்னம்மா ருசி?" என்று டிக்கெட் கிழிப்பவர் கேட்டால், "யாரு சாவாங்கன்னு தெரியாம என்னால சிரிக்க முடியாதுண்ணே" என்பாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். அவர் கூத்து இதைவிட வேடிக்கை. பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருவார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச் சென்ற வீடியோ கேமை டிவியில் போட்டு, அதிலும் பஸ்ஸே ஓட்டுவார். ராஜாவாகலாம், ராட்சசனைக் கொல்லலாம், வானத்தில் பறக்கலாம். அதெல்லாம் அவருக்கு வேண்டாம்.

"நாள் முழுக்க ஓட்டினது பத்தலையாங்க?"

"இதுல எவனும் பின்னாடி நின்னு ஹாரன் அடிக்க மாட்டான்" என்பார்.

சினிமாவுக்குக் கூட்டிப்போனாலோ, கதாநாயகன் சிக்னலைத் தாண்டும்போதெல்லாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "இவன் லைசென்ஸைப் பிடுங்கணும்" என்பார் சத்தமாக. முன்வரிசையே திரும்பிப் பார்க்கும். அவளுக்கு மானம் போகும்.

போன மழைக்காலத்தில் சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். டிப்போவில், உதிரிபாக அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். "சரி" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். அதற்குப் பிறகு கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கேமில் தூசி படிந்தது. ஓசி டிக்கெட்டில் ஒரு சண்டைப்படத்துக்கு இழுத்துப் போனாள். திரையில் பஸ் ஒன்று பாலத்தைத் தாண்டிப் பறந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை எங்கே போய்த் தேடுவாள்?

விடுமுறை நாளன்று தூசியைத் துடைத்துவிட்டு அவளே கேமின் முன்னால் உட்கார்ந்தாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். பஸ் தடுப்பில் உரசியது, நிறுத்தத்தைத் தாண்டியது, பயணிகள் கத்தினார்கள்.

உள்ளறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கதவை மூடாம எடுக்காதே."

"மூடலையா?"

"மூடியிருந்தா புஸ்ஸுன்னு சத்தம் வரும்ல."

பொறுக்க முடியாமல் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு மங்கலாத்தான் தெரியுது. நீ பார்த்துச் சொல்லு. முன்னாடி என்ன?"

"சிவப்பு. ஆனா ரோட்டுல யாருமே இல்லைங்க."

"யாரும் இல்லைன்னா பச்சைன்னு அர்த்தமா? நில்லு."

அடுத்த நிறுத்தத்தில் நேரமாகிவிட்டது என்று திரை மினுக்கியது. "பையைத் தூக்கிட்டு ஒரு அம்மா ஓடி வர்றாங்க" என்றாள். "நின்னா மார்க் குறையுமாம்."

"குறையட்டும். நீயும் இப்படித்தானே ஓடி வருவே? கண்டக்டர் விசிலடிச்சே ஓய்ஞ்சு போவான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர் ஓட்டிய பஸ்ஸில்தான் போவாள். அதில்தான் இவர் பழக்கமானார். தினமும் அது தாமதமாக வந்தது தன் அதிர்ஷ்டம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அப்ப பஸ் லேட் இல்லையா?"

"என் பஸ் என்னைக்கு லேட்டாச்சு? அந்தம்மா ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

"கதவை மூடு. முன்னாடி என்ன?"

"தெரியலைங்க. கண்ணு கலங்கிப் போச்சு."

"கண்ணு தெரியலைன்னா ஓரமா நிறுத்திடணும்" என்றார். "நானும் நிறுத்திட்டேன்ல."

அவள் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். இறங்க மனசில்லாமல் இரண்டு பேரும் அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.