சச்சிதானந்தனின் மூக்கு

பதினொரு வருடமாகியும் இராசதுரைக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சச்சிதானந்தன் ஒரு சொட்டு பேர்பன் விஸ்கியை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையாலும் தேய்த்து, முகத்தை அதற்குள் புதைத்துக் கண்ணை மூடும் ஒவ்வொரு தடவையும் அது கிளம்பி வரும். குளிர்நாட்டுப் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் ஒரு புதுமனை குடிபூரல் வீடு. சச்சிதானந்தன் ஆசையாய் ஊற்றிக் கொடுத்த பேர்பனுக்குள் இராசதுரை கோலாவைக் கவிழ்த்துவிட்டார். "ஐசே, பஸ் ஓட்டுற உமக்கு உதுவும் ஒண்டு, டீசலும் ஒண்டு" என்றார் சச்சிதானந்தன், நாற்பது பேருக்கு முன்னால். அன்று முதல், பக்கத்துப் புருசெத்தில் இருக்கும் தமிழருக்கு அவர் டீசல் துரை.

ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வாய்க்குள் திட்டிக்கொண்டே சச்சிதானந்தன் வீட்டுப் பேர்பன் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

சச்சிதானந்தனுக்கு இருபத்தாறு வருடமாகப் பாண் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனதும் புளித்த மாத் தொட்டிக்குள் மூக்கை விடுவார். அவர் தலையாட்டினால்தான் மா அடுப்புக்குப் போகும். லிஃப்டில் ஏறினால், எந்த மாடியில் யார் மீன் பொரித்தார்கள் என்று சொல்வார். பேர்பனும் அவருக்குப் பாண் மாதிரித்தான்.

"எல்லாத்திலையும் பாதிக்கு மேலை சோளம்தான். மிச்சத்துக்கு என்ன போடுறான் எண்டதிலை இருக்கு விளையாட்டு. ரை எண்ட தானியம் போட்டால் மிளகு கடிச்ச மாதிரி. கோதுமை போட்டால் பச்சைப்பிள்ளையின்ரை கன்னம். ஈஸ்ட் மாறினால் ஒண்டு வாழைப்பழம் மணக்கும், மற்றது பூ மணக்கும். பிறகு பீப்பா. உள்ளுக்கை நெருப்பு வைச்சுக் கருக்குவாங்கள். களஞ்சியத்திலை மேல்தட்டிலை வெக்கை குடிச்சுக் கிடந்த பீப்பாவும், கீழை குளிரிலை கிடந்த பீப்பாவும் ஒரு வீட்டுப் பிள்ளையள்தான். குணம் வேறை."

சொல்லும்போது, மா பிசைவதுபோல அவர் விரல்கள் காற்றில் அசையும்.

பிறகு பரீட்சை. யாராவது ஒருவர் குசினிக்குள் போய் மூன்று விதப் பேர்பன் போத்தலுக்கும் மூன்று நிறக் கம்பளிக் காலுறை மாட்டிக் கொண்டுவருவார். சச்சிதானந்தன் மணந்து எது எதுவென்று சொல்ல, மாட்டியவர் உரித்துக் காட்டுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பிழைத்ததில்லை.

இந்தச் சித்திரையில் காலுறை மாட்டும் முறை இராசதுரைக்கு வந்தது. "டீசலோ மாட்டினது? அப்ப சொக்ஸ்தான் மணக்கும்" என்று சிரித்தார்கள். சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. வழக்கத்தைவிட நெடுநேரம் கையைத் தேய்த்தார்.

"சாம்பல் சொக்ஸ் கோதுமை. சந்தேகமில்லை."

சாம்பல் காலுறைக்குள் இருந்தது ரை.

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராசதுரையின் விரல் காலுறையின் விளிம்பில் நின்றது. பதினொரு வருடமும் அந்த விரலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு இழுவைதான். ஆனால், சொல்லி முடித்ததும் யன்னலைப் பார்க்கிற சச்சிதானந்தன் இன்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோதுமைதான்" என்று சொல்லிவிட்டு, இராசதுரை போத்தலைக் காலுறையோடு தூக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தார்.

"உரிச்சுக் காட்டுமன் ஐசே!"

"அதுக்குக் குளிருது. கிடக்கட்டும்."

சச்சிதானந்தன் பின்னாலேயே வந்து அடுப்போடு ஒட்டி நின்றார். அவர் மனைவி சிறிதேவி ஏற்றி வைத்திருந்த பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. சச்சிதானந்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இராசதுரைதான் அடுப்பை அணைத்தார்.

"பிழைதானே?"

"ஓம்."

"பங்குனியிலை, போன கூட்டம் முடிஞ்ச கையோடை ஒரு காய்ச்சல் வந்தது. அதோடை மூக்குப் போட்டுது, ஒரு மணமும் தெரியேல்லை. வேலையிலை சும்மா தலையாட்டுறன். மா பழுதாகி ஒரு நாள் பிடிபடத்தான் போறன். சிறிதேவிக்கும் சொல்லேல்லை."

"டொக்டர் என்னவாம்?"

"வந்தாலும் வருமாம். மணக்காட்டிலும் ஒவ்வொரு நாளும் மணக்கட்டாம், முந்தி அது எப்பிடி மணந்தது எண்டு நினைச்சு நினைச்சு. எனக்கு நினைப்பும் மங்குது, துரை."

இராசதுரை கரிந்த பருப்புச் சட்டியைத் தண்ணீருக்குள் வைத்தார்.

சச்சிதானந்தன் அவருடைய தடித்த கையைப் பிடித்து விரித்தார். போத்தலைச் சரித்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"தேச்சு மணந்து சொல்லும். ஆறுதலா, ஒவ்வொண்டாச் சொல்லும். டீசல் மணந்தாலும் உள்ளதைச் சொல்லும்."